ஞ போய் ச வந்த கதை

என் மச்சினன் கொலைக் கதை எழுதுகிறவன். சும்மா கொலைக் கதை இல்லை, உளவியல் கொலைக் கதை என்று பத்திரிகைகளில் போடுகிறார்கள். யார் கொன்றான் என்று கடைசிப் பக்கம் வரை ஒளித்து வைப்பது பழைய முறையாம். இவன் கதையில் கொன்றவன் யாரென்று எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடும். எதற்காகக் கொன்றான், கொல்லும்போது அவன் மண்டைக்குள் என்ன ஓடியது என்பதைத்தான் மிச்சப் பக்கமெல்லாம் தோண்டிக்கொண்டே போவான். இதை எனக்கு விளக்கிச் சொன்னது என் மனைவி. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். நான் ஒரு பக்கத்தைத் தாண்டுவதற்குள் கதையில் செத்தவன் நாறிப்போவான்.

எனக்குத் தொழில் குஷன் வேலை. சோபா, நாற்காலி, வண்டி சீட்டு எது கிழிந்தாலும் பிரித்துப் போட்டு, ஸ்பிரிங் மாற்றி, ஃபோம் வைத்து, ரெக்ஸின் போர்த்தித் தைத்துக் கொடுப்பேன். முன்னால் கடை, பின்னால் வீடு. வேலை ஆனதும் கடைசி நூலை இழுத்து முடிச்சுப் போட்டு, மிச்சத்தை அறுத்துவிட்டு, "முடிச்சாச்சு" என்பேன். கொத்தனார் சொல்வான், தையல்காரன் சொல்வான், எல்லாத் தொழில்காரனும் சொல்கிற வார்த்தைதான். அந்த வார்த்தையைச் சொல்லவிடாமல் செய்துவிட்டான் என் மச்சினன்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது அவன் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு அக்காவின் பின்னாலேயே வந்தவன். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். கடையில் ஃபோம் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து எந்நேரமும் ஏதாவது படித்துக்கொண்டிருப்பான். நூல் கோத்துத் தாடா என்றால் ஊசியில் குத்திக்கொண்டு வருவான். பிறகு படித்தான், இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தா ஆனான், தனி வீடு பார்த்துப் போனான். செத்தவர்களின் காகிதங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுத வந்ததாகப் பேட்டியில் சொல்கிறான். இருக்கலாம். பேட்டியில் சொல்வதையெல்லாம் நான் நம்புவதில்லை.

ஆரம்பத்தில் எழுதிய புத்தகங்களை நாய் சீண்டவில்லை. அதிலெல்லாம் போலீஸ்காரர் வருவார், துப்பாக்கி வரும், மாடியிலிருந்து ஒருத்தன் குதிப்பான். ஒரு விமர்சகர், 'இவருக்குப் பிணங்களைத் தெரிகிறது, மனிதர்களைத் தெரியவில்லை' என்று எழுதிவிட்டார். அதைப் படித்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, அக்கா மடியில் தலை வைத்து அழாத குறையாகப் பேசினான். அவள்தான் அவன் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்.

"ஏண்டா, தெரியாத ஆளையே ஏன் எழுதறே? தெரிஞ்ச ஆளை எழுதேன்."

நல்ல யோசனைதான் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவனுக்கு ஏறுமுகம். ஆபீஸ் மேனேஜர் ஒரு புத்தகத்தில் தம்பியைக் கொன்றார். வீட்டுச் சொந்தக்காரி இன்னொன்றில் குடித்தனக்காரரைக் கொன்றாள். பெயரும் தொழிலும் மாறியிருக்கும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

அவன் புத்தகம் ஒவ்வொன்றையும் என் மனைவி மத்தியான நேரத்தில் கடையில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டுவாள். நான் தைப்பேன், அவள் வாசிப்பாள். நடுவில் நிறுத்திச் சிரிப்பாள்.

"இது எங்க பெரியப்பா. சாப்பிடறதுக்கு முன்னாடி தட்டை மோந்து பார்ப்பார் இல்ல? அதை எடுத்து விஷம் வெக்கிறவனுக்குக் குடுத்துட்டான் பாருங்க."

"பெரியப்பாவுக்குத் தெரிஞ்சா வெட்டுப்பழி குத்துப்பழி ஆகுமே."

"அவர் எங்க படிக்கப்போறார். தட்டை மோந்துக்கிட்டிருக்கவே அவருக்கு நேரம் சரியா இருக்கு."

"உன் தம்பி முன்னாடி தும்முறதுக்கே பயமா இருக்குடி."

"நீங்க ஏன் பயப்படறீங்க? உங்ககிட்ட எடுக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. பிரிச்சுப் பார்த்தா வெறும் பஞ்சு."

அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

பிறகு அவளுக்கு உடம்பு முடியாமல் போனது. இதயம் பலவீனம் என்றார் டாக்டர். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தபடியேதான் தூங்க வேண்டும். கடையில் விற்கிற தலையணை எதுவும் சரிப்படவில்லை. நானே சாய்வாக ஒன்று தைத்தேன். அடியில் தென்னை நார், நடுவில் கெட்டி ஃபோம், மேலே பஞ்சு. அவள் முதுகுக்கு ஏற்றபடி பிரித்துப் பிரித்துத் தைத்தேன். இதுதான் நீங்க செஞ்சதிலேயே நல்ல வேலை என்றாள். அவளுக்கு என் வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும் அப்படிச் சொன்னாள்.

அந்தத் தலையணையில் சாய்ந்தபடியே ஒரு மத்தியானம் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். மகள் வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டவள், அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை என்று கேள்விப்பட்டுப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். டாக்டர் வந்து பார்த்தார், இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். நான் மச்சினனுக்குப் போன் போட்டேன். செத்துவிட்டாள் என்று வாயில் வரவில்லை.

"மச்சான், எல்லாம் முடிஞ்சாச்சு" என்றேன்.

அவ்வளவுதான் பேசினேன். அவன் அந்தப் பக்கம் ஒன்றும் சொல்லாமல் ரொம்ப நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தான். அழுகிறான் என்று நினைத்தேன். அழுதிருக்கலாம். கூடவே வேறு வேலையும் நடந்திருக்கிறது.

மறு வருஷம் அவனுடைய புதுப் புத்தகம் வந்தது. வீட்டுக்கு வந்து என் கையில் ஒன்றைக் கொடுத்து, "அக்காவுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணியிருக்கேன் மாமா" என்றான். முதல் பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. அதை மட்டும் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். வாசித்துக் காட்ட ஆள் இல்லாத வீட்டில் புத்தகத்தை வைத்து என்ன செய்வது?

முதலில் மாறியது வாடிக்கையாளர்கள்தான். பாங்கியில் வேலை பார்க்கும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் சோபா எடுத்துப் போக வந்தார்கள். நான் நூலை அறுத்துவிட்டு வழக்கம்போல "முடிச்சாச்சு" என்றேன். அந்த அம்மாள் புருஷனை இடித்தாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். என் வேட்டியில் ஏதாவது கறை இருக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன். இப்படியே இரண்டு மூன்று பேர். பிறகு எதிரே சைக்கிள் கடை வைத்திருப்பவன், ஒளிவு மறைவு தெரியாதவன், நேராகவே கேட்டுவிட்டான்.

"என்னண்ணே, உங்களைப் பத்தி புஸ்தகம் வந்திருக்காமே. நீங்க அண்ணியைத் தலகாணி வெச்சு அமுக்கிட்டீங்களாமே."

"எவண்டா சொன்னான்?"

"எம்பொண்ணு காலேஜ்ல பேசிக்கிறாங்களாம். உங்க மச்சானே பேட்டியில சொல்லியிருக்காராம்."

அன்றைக்குக் கடையை மூடிவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். கண்ணாடி போட்டு, விரல் வைத்து, எழுத்து எழுத்தாகப் படித்தேன். எத்தனை நாள் ஆயிற்றென்று கேட்காதீர்கள். அதில் வருகிறவன் தையல்காரன். மனைவி நோயாளி. அவளைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போகிறான், ஆனால் அலுப்பை வெளியில் காட்டுவதில்லை. அவளுக்காகப் பாசமாக ஒரு சாய்வுத் தலையணை தைக்கிறான். அதை வைத்தே அவளை அமுக்கிவிடுகிறான். பிறகு அவள் தம்பிக்குப் போன் போட்டு, "மச்சான், எல்லாம் முடிச்சாச்சு" என்கிறான். புத்தகம் அங்கே நிற்கிறது. தம்பிக்கு அந்த ஒரு எழுத்தில் எல்லாம் புரிந்துவிடுகிறதாம்.

பேட்டியையும் வாங்கிப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை. நெருங்கிய உறவினர் ஒருவர் ஒரு சாவை எனக்குப் போனில் சொன்னார், அவர் சொன்ன வார்த்தையில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன், அந்த எழுத்துதான் இந்த நாவல் என்று சொல்லியிருந்தான். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அக்கா பெயர். அக்காவுக்குப் புருஷன் ஒருவன்தானே? இதைக் கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டுமா?

கடைத்தெருவில் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்குக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது, கோணி ஊசி சொன்னபடி கேட்கவில்லை. மகள் அதற்கு முன்பே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்குது, வந்துடுங்கப்பா" என்று வாரம் தவறாமல் போனில் சொல்வாள். நானும் சரி என்று, கடையும் வீடும் இருக்கிற இடத்தைக் காலி செய்து தருவதாகச் சொந்தக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். அவர் இடித்துக் கட்ட ஆள் பேசிவிட்டார். மகள் வீட்டு அறையை விட்டால் எனக்குப் போக்கிடம் கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் மச்சினனுக்குப் பெரிய பரிசு அறிவித்தார்கள். நாட்டிலேயே பெரிது என்றார்கள். எல்லாப் பத்திரிகையிலும் அவன் படம். மாமனுக்குப் பரிசு கிடைத்திருக்கிறதே என்று என் மகள் புத்தகத்தை வாங்கிப் படித்திருக்கிறாள்.

அந்த வாரம் போன் வந்தபோது அறையைப் பற்றி அவள் பேசவில்லை. கொஞ்ச நேரம் குழந்தைக்குச் சளி, வேலைக்காரி வரவில்லை என்று பேசினாள். பிறகு, "அப்பா, அம்மா கடைசியில கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டாள்.

இதே கேள்வியைச் சாவன்றைக்கே கேட்டவள். இல்லை, தூங்குகிற மாதிரி போய்விட்டாள் என்று சொல்லியிருந்தேன். இப்போதும் அதையே சொன்னேன்.

"சரிப்பா" என்று போனை வைத்தாள்.

அடுத்த வாரம் அவள் பேசவே இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நான் மச்சினன் வீட்டுக்குப் போனேன்.

அவன் வீடு பெரிய கட்டடத்தில் மேல்தளத்தில் இருக்கிறது. லிப்ட்டில் போக வேண்டும். உட்காரச் சொன்ன சோபா நான் செய்து கொடுத்ததுதான். ஒரு மூலை அமுங்கியிருந்தது, கண்டபடி உட்காருகிறான் போல. மேசை முழுக்க வாழ்த்துக் காகிதம், பூங்கொத்து. காப்பி கொண்டு வந்து வைத்தான்.

"மச்சான், நான் அன்னைக்குப் போன்ல என்ன சொன்னேன்?"

அவன் பாசாங்கு பண்ணவில்லை. "முடிஞ்சாச்சுன்னு சொன்னீங்க."

"சரியாத்தான் கேட்டுதா?"

"நல்லாக் கேட்டுது மாமா."

"அப்ப ஏண்டா முடிச்சாச்சுன்னு எழுதினே? நான் சொன்னது அதுவா ஆனது. நீ எழுதினது ஒருத்தன் செஞ்சது. டம்ளர் உடைஞ்சுதுன்னு சொல்ற புள்ளையையும் உடைச்சேன்னு சொல்ற புள்ளையையும் ஒரே மாதிரியா அடிப்போம்?"

"அதுதான் மாமா புத்தகமே. எழுதும்போது ஞ போட வேண்டிய இடத்துல கை ச போட்டுடுச்சு. அழிக்கலாம்னு பார்த்தேன். அதுக்குள்ள அங்க ஒரு ஆள் வந்து உட்கார்ந்துட்டான்."

"வந்தவன் என் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து உட்கார்ந்திருக்கான்."

சிரித்தான். "நல்லா சொல்றீங்க மாமா."

"சிரிக்காதே. இதையும் எங்கயாவது எழுதிடாதே. உங்க அக்கா எப்படிச் செத்தா?"

"இதயம் நின்னு."

"நான் கொன்னேன்னு நினைக்கிறியா?"

"சத்தியமா இல்ல மாமா. எனக்குத் தகப்பன் மாதிரி நீங்க. உங்களைப் போய் நினைப்பேனா?"

"அப்ப அதைச் சொல்லு. ஊருக்குச் சொல்லு. பாப்பா நம்பிட்டா போலிருக்கு. ரூம் குடுக்கறேன்னு சொன்னவ வாயே திறக்க மாட்டேங்கறா."

அவன் முகம் அப்போதுதான் மாறியது. என் மகளைத் தூக்கி வளர்த்தவன் அவன். கொஞ்ச நேரம் பூங்கொத்தில் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தான்.

"கதையை விளக்கினா கதை செத்துடும் மாமா."

"கதை சாகட்டும். நான் இன்னும் சாகலையே."

"சரி" என்றான். "பரிசு வாங்கற மேடையிலயே சொல்றேன். பாப்பாவையும் மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. அவ காதால கேக்கட்டும்."

அவன் கெட்டவன் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் இவ்வளவு கெடுதல் செய்திருக்க முடியாது.

விழாவுக்கு மகளும் மருமகனும் காரில் வந்தார்கள். குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். மருமகன் மருந்துக் கம்பெனியில் வேலை, அதிகம் பேசமாட்டார், பேசினால் ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். மகள் எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். எங்களுக்கு முன்வரிசைக்குப் பக்கத்திலேயே இடம் போட்டிருந்தார்கள். நாற்காலியெல்லாம் மட்டமான குஷன், உட்கார்ந்த உடனே பலகை தட்டியது.

முதலில் ஒரு பேராசிரியர் பேசினார். வெள்ளைத் தாடி, கணீரென்ற குரல். புத்தகத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மெய்யெழுத்து, நண்பர்களே. ஞ் என்பது ச் ஆகிறது. தன்வினை பிறவினை ஆகிறது. தானாக நடந்தது ஒருவன் நடத்தியதாக ஆகிறது. ஒரு கொலையை இதைவிடச் சிக்கனமாக உலகத்தில் யாரும் செய்ததில்லை."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாவிட்டால் அதற்கும் ஒரு அர்த்தம் எடுப்பார்கள். மகள் தட்டவில்லை.

பிறகு மச்சினனைக் கூப்பிட்டார்கள். கண்ணாடியில் செய்த பெரிய கேடயம் கொடுத்தார்கள். தூக்க முடியாமல் தூக்கி மேசையில் வைத்துவிட்டு மைக்குக்கு வந்தான். ஆபீஸ் மேனேஜரைச் சொன்னான், முதல் புத்தகங்களைக் கிழித்த விமர்சகரைச் சொன்னான், அக்கா சொன்ன யோசனையைச் சொன்னான். அக்காவைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது, அது நடிப்பு இல்லை.

"இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும்" என்றான். "இந்த நாவலில் வருகிற கணவன் என் மாமா இல்லை. என் மாமா நல்லவர். என் அக்காவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டவர். அவர் யாரையும் கொல்லவில்லை. இதைச் சொல்லும்படி அவரே என் வீட்டுக்கு வந்து கேட்டுக்கொண்டார். அதோ, அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்."

கையை நீட்டிக் காட்டினான்.

அரங்கம் மொத்தமும் திரும்பியது. பிறகு பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. சிரிப்பு கைதட்டலாக மாறியது, எழுந்து நின்று தட்டினார்கள். பேராசிரியர் தொடையைத் தட்டிக்கொண்டு, அடடா, அடடா என்று தலையை ஆட்டினார். நாவலுக்கு இன்னொரு அத்தியாயம் எழுதி மேடையிலேயே நடித்துக் காட்டிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். மேடையில் அவன் கையை உயர்த்தி, இல்லை, இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன் என்றான். அதற்கு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கூட்டம் கலையும்போது என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நல்ல உடுப்புப் போட்ட ஒரு பெண் புத்தகத்தையும் பேனாவையும் நீட்டினாள்.

"ஐயா, அந்த வார்த்தையை உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எந்த வார்த்தை?"

"அதான் ஐயா, போன்ல சொல்லுவீங்களே."

"நான் சொன்னது அது இல்லம்மா."

"அய்யோ, எவ்வளவு இயல்பா சொல்றார் பாருங்க" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். ஒருத்தன் செல்போனில் படம் எடுத்தான். அவன் எடுத்த படத்தில் நான் எப்படி இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். மாட்டிக்கொண்டவன் மாதிரி இருந்திருப்பேன்.

மகள் என் கையைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். அந்தப் பிடியில் எனக்கு உயிர் வந்தது. என் பக்கம்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

காரில் நான் முன்னால் உட்கார்ந்தேன், அவள் பின்னால். மருமகன் ஓட்டினார். தெருவில் விளக்குப் போடுகிற நேரம், வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன.

"மாமா, நீங்களா போய்ச் சொல்லச் சொன்னீங்க?" என்றார் மருமகன்.

"ஆமாம் மாப்பிள்ளை."

"இல்லாத ஒண்ணை எதுக்கு இல்லைன்னு சொல்லச் சொல்லணும்?"

"ஊர் பேசுதே."

"ஊர் எப்பவும் பேசும்" என்று சொல்லிவிட்டு ஹாரன் அடித்தார்.

பின்னாலிருந்து மகள், "நீங்க சும்மா இருங்க" என்று அவரை அடக்கினாள். பிறகு என் தோளில் கை வைத்தாள். "அப்பா, எனக்கு ஒரே ஒரு தடவை முதல்லேருந்து சொல்லுங்க. நான் கேட்டுடறேன். அதுக்கப்புறம் இந்தப் பேச்சே வேண்டாம்."

சொன்னேன். காலையில் கஞ்சி இரண்டு வாய் குடித்தாள் என்று சொன்னேன். நீ பஸ் ஏறிவிட்டாயா என்று கேட்டாள் என்று சொன்னேன். மத்தியானம் மூச்சு கொஞ்சம் லேசானது, பேசினாள், தலையணை வசதியாக இருக்கிறது என்றாள், நான் அந்தப் பக்கம் திரும்பி இந்தப் பக்கம் பார்ப்பதற்குள் தலை சாய்ந்துவிட்டது. எல்லாம் நடந்தது நடந்தபடி. சொல்லச் சொல்ல எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. மகள் முன்பு கேட்ட மாதிரி இப்போது கேட்கவில்லை. அன்றைக்கு அழுதுகொண்டு கேட்டாள். இப்போது கூர்ந்து கேட்கிறாள். படித்ததோடு ஒத்துப் பார்க்கிறாள்.

"அந்தப் பக்கம் திரும்பினேன்னா, எந்தப் பக்கம்பா? அப்ப நீங்க எங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க?"

நான் நின்றது ஜன்னல் பக்கம். வெயில் முகத்தில் அடிக்கிறது, திரையை இழுத்துவிடுங்கள் என்றாள் என் மனைவி, எழுந்துபோய் இழுத்துவிட்டேன். அந்தப் புத்தகத்திலும் தையல்காரன் ஜன்னல் பக்கம்தான் போகிறான். தெருவிலிருந்து யாரும் பார்த்துவிடக் கூடாதென்று திரையை இழுக்கிறான். இழுத்துவிட்டுத் திரும்பித் தலையணையை எடுக்கிறான். இதையெல்லாம் சாவன்றைக்கு மச்சினன் வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் நானே அவனிடம் அழுதுகொண்டே சொன்னேன், அவன் எடுத்துக்கொண்டான். இப்போது ஜன்னல் என்று சொன்னால் மகள் கண் முன்னால் வரப்போகிறவன் நான் இல்லை, அந்தத் தையல்காரன்.

"கதவுகிட்டம்மா" என்றேன். "தண்ணி எடுக்கப் போனேன்."

சொல்லி முடிப்பதற்கு முன்பே தப்பு என்று தெரிந்துவிட்டது. என் தோளில் இருந்த கை மெதுவாக விலகியது.

"அன்னைக்கு ஜன்னல்கிட்டன்னு சொன்னீங்களே அப்பா. வெயில் அடிக்குது, திரையை இழுத்துவிடுங்கன்னு அம்மா கேட்டாங்கன்னு சொன்னீங்களே."

"ஆமாம். ஜன்னல்தான்."

"அப்ப ஏன் இப்பக் கதவுன்னீங்க?"

புத்தகத்தில் அப்படி இருக்கிறதே, அதனால் மாற்றிச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? செய்யாதவன் எதற்கு மாற்றுவான் என்று மருமகன் கேட்க வேண்டியதில்லை, நானே கேட்பேன். வேறு ஒருத்தன் இப்படி என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஒரு நொடி நம்பியிருக்க மாட்டேன். யாரையும் லேசில் நம்பாதவன் நான். என் மகளுக்கு அது என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

"வயசாச்சுல்ல பாப்பா, தடுமாறிடுச்சு" என்றேன்.

"ம்" என்றாள்.

கடை வாசலில் காரை நிறுத்தினார்கள். சொந்தக்காரர் இடிப்பதற்குச் சுண்ணாம்பில் அடையாளம் போட்டு வைத்திருந்த சுவரில் காரின் வெளிச்சம் அடித்தது. மருமகன் இஞ்சினை அணைக்கவில்லை. நான் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு அவள் பக்கத்துக் கண்ணாடி அருகே போய் நின்றேன். அவள் கண்ணாடியை இறக்கினாள். அழுதிருந்தாள்.

"பாப்பா, நீ என்னை நம்புறியா?"

"நம்பணும்னுதாம்பா இருக்கு."

ஒரு வார்த்தை கொஞ்சம் திரும்பினால் என்ன ஆகும் என்று அந்தப் புத்தகமே எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது. இப்போது அதை மகள் வாயிலும் கேட்டேன். நம்புறேன் என்பது வேறு, இது வேறு. அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது, அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ரூம் விஷயம்" என்று ஆரம்பித்தாள். "கொஞ்ச நாள் போகட்டும்பா. குழந்தைக்கும் சளி விடமாட்டேங்குது."

"சரிம்மா" என்றேன்.

வேறு என்ன சொல்வது? கெஞ்சினால் அந்தப் புத்தகத்தில் அவனும் கெஞ்சுகிறான். கோபப்பட்டால் அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது. சும்மா நின்றால், அவன் சும்மா நிற்பதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருக்கிறான் என் மச்சினன்.